எலிக்குரல் டீச்சரும் பறக்கும் பன்றியும்

பசிபிக் சமுத்திரத்தை ஒரு நிமிஷத்தில் குடித்துக் காட்டு என்று யாராவது பந்தயம் கட்டினால், எலிக்குரல் டீச்சர் ஐம்பத்திரண்டு விநாடியில் குடித்து முடிப்பாள். மிச்சமிருக்கும் எட்டு விநாடியில், எத்தனை மிடறு குடித்தாள் என்று பின்னத்தில் எழுதியும் காட்டுவாள். பசிபிக் நடுவிலிருக்கும் எங்கள் வவாவுத் தீவில் இதை மறுத்துப் பேசுகிற பிள்ளை கிடையாது. திமிங்கலங்கள் வருஷா வருஷம் தென்துருவத்திலிருந்து எங்கள் பக்கம் நீந்தி வருவதே, அங்கே அவளுடைய வீடியோ சரியாக இழுக்காததால்தான் என்றுகூடச் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு மீசை முளைக்கவில்லை என்பது உண்மைதான். அதற்காகச் சொன்னது பொய்யாகிவிடுமா?

அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. திரையில் தெரிவது இரண்டு நீல ரப்பர் கையுறைகள், ஒரு பலகை, ஒரு கத்தி, அன்றைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பொருள். அது மீனாக இருக்கும், தர்பூசணியாக இருக்கும், ஒரு நாள் யாருடைய ரப்பர் செருப்பாகவோகூட இருந்தது. குரலை ஏதோ செயலியில் போட்டு வேகமாக்கியிருப்பாள். வாலை மிதித்த எலி கணக்குச் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். சரியாக அறுபது விநாடி. முடிக்கும்போது எப்போதும் ஒரே வார்த்தைதான்:

"புரியலைன்னா திரும்பப் போட்டுப் பாருங்க. நான் திட்டமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே நெயாஃபு ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவளிடம் போய்ச் சேர்ந்தார்கள். மனாசே அந்தப் பாதியில் சேராதவன். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மனாசேக்குப் பதினேழு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளி மணியின் கயிற்றைத் தலைமையாசிரியரின் பன்றியுடைய காலில் கட்டிவிட்டான். பன்றி நடந்தபோதெல்லாம் மணி அடித்தது. ஒரே நாளில் பதினொரு தடவை பள்ளி விட்டது. இரண்டு வாரம் பள்ளிப் பக்கம் வராதே என்றார்கள். மனாசே தாராளமனசுக்காரன், அதை இரண்டு வருஷமாக்கிக்கொண்டான்.

அவனுக்குப் படிப்புதான் ஆகவில்லை, இன்ஜின் ஆகும். படகின் பின்னால் தொங்கும் மோட்டார் இருமினால், அது எந்த ஸ்குரூவுக்கு வந்த இருமல் என்று கரையிலிருந்தே சொல்லிவிடுவான். தீவுகளுக்கு நடுவே ஓடும் பயணிகள் கப்பலில் இன்ஜின் அறைப் பயிற்சிக்கு இரண்டு பேரை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அதாவது மூன்றாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு ஒரு எழுத்துப் பரீட்சை இருந்தது. இருபது கணக்கு, பன்னிரண்டு எடுத்தால் தேர்ச்சி. மனாசே முதல் தடவை எடுத்தது ஐந்து. அந்த ஐந்திலும் இரண்டு பக்கத்துப் பெஞ்சுக்காரனுடையது. யாருமே பன்னிரண்டைத் தொடாததால் ஆறு வாரத்தில் மறுபரீட்சை என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னு வை," என்றார் அப்பா. "நேரா சித்தப்பா தோட்டத்துக்குப் போயிடணும். அங்க கிழங்கும் ஆடும்தான். உன் குறும்பையெல்லாம் ஆட்டுக்கிட்டக் காட்டு."

சித்தப்பாவின் தோட்டம் இருந்த தீவில் இன்ஜின் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், அதுவும் துருப்பிடித்துக் கோழி முட்டையிடும் இடமாகியிருந்தது.

மனாசே அத்தையின் பழைய போனை வாங்கிக்கொண்டு, பையன்கள் தனியாகப் படுக்கும் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். 'பறக்கும் பன்றி' என்று ஒரு கள்ளப் பெயரில் கணக்குத் திறந்தான். எலிக்குரல் டீச்சரின் வீடியோவுக்குக் கீழே எழுதினான்:

"எட்டு, நாலை விடப் பெருசு. அப்போ எட்டில் ஒண்ணும் நாலில் ஒண்ணை விடப் பெருசுதானே? ஏ எலியே, தலையில தேங்காய் விழுந்துச்சா?"

சிரித்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அது நிஜமாகவே தெரியாது. கேள்வி கேட்டால் இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பார்கள், கேலி செய்தால் என்னமாய்ப் பேசுகிறான் என்பார்கள். அதனால் கேள்விக்குக் கேலிச் சட்டை மாட்டி அனுப்பியிருந்தான்.

மறுநாளே பதில் வீடியோ வந்தது. பலகையில் ஒரே அளவில் இரண்டு தர்பூசணி. நீலக் கையுறை ஒன்றை நாலாக வெட்டியது, மற்றதை எட்டாக வெட்டியது.

"பறக்கும் பன்றியாரே, வெயில் கொளுத்துது. நாலில் ஒண்ணு வேணுமா, எட்டில் ஒண்ணு வேணுமா? வெட்கப்படாதீங்க. பெருசைப் பார்த்து எடுத்துக்குங்க. அட, எட்டில் ஒண்ணு ஏன் இத்துனூண்டா இருக்கு? எத்தனை பேருக்குப் பங்கு வைக்கிறோமோ, அந்த எண்தான் கீழே உட்கார்ந்திருக்கு. ஆள் கூடினா துண்டு சின்னதாகும். உங்க வீட்டுல விருந்துக்கு ஆள் வந்ததே இல்லையா?"

மனாசே அதை முப்பத்தொரு தடவை பார்த்தான். முப்பத்திரண்டாவது தடவை பாயில் ஓங்கிக் குத்தி "அட!" என்றான். அதே வீடியோ, அதே குரல், அதே பழம். முப்பத்திரண்டு தடவையும் அவள் சலித்துக்கொள்ளவில்லை. பள்ளியில் இரண்டாவது தடவை கேட்டால் வாத்தியார் கையில் பிரம்பு முளைக்கும்.

அதிலிருந்து அப்படியே ஓடியது. பன்றி வைதது, எலி வெட்டிக் காட்டியது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கைதட்டினார்கள். பின்னங்களைக் கூட்டுவது வந்தது, தசமப் புள்ளி வந்தது. நாலாவது வாரம் விகிதம் வந்தது. ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் என்று மோட்டார் மூடியில் எழுதியிருப்பதை மனாசே சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறான். அதுதான் விகிதம் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. எலி சொன்ன அன்றைக்கு அவனுக்கு உலகமே தன்னை மரியாதையாகப் பார்ப்பதுபோல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கை சும்மா இருக்காமல் எழுதிவிட்டது:

"எலியே, உன் குரலைக் கேட்டா பூனைதான் வரும். ஆனா கை கெட்டிக்காரக் கை. பேசாம என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ. ஒண்ணரைப் பன்றிக்குட்டி பரிசமாத் தர்றேன்."

அறுநூறு பேர் சிரித்தார்கள். எலி பதில் எழுதியது: "ஒண்ணரையை முதல்ல பின்னமா எழுதத் தெரியுமா? எழுதிப் பழகிட்டு வாங்க பன்றியாரே, அப்புறம் பேசலாம்."

மூணின் கீழ் ரெண்டு என்று அவன் உடனே எழுதினான். அது சரியாகவும் இருந்தது. மனசுக்குள் ஒரு குட்டி விமானம் ஏறி இறங்கியது. அந்தச் சனிக்கிழமை கடைசியாக ஒரு கேள்வி அனுப்பினான்: "வகுத்தா குறையணும். பின்னத்தால வகுத்தா பெருசாகும்னு புத்தகத்துல போட்டிருக்கு. புத்தகத்துக்குப் பைத்தியமா, உனக்கா?"

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால் மண் அடுப்பு மூட்டுவது ஆண்பிள்ளைகள் வேலை. சேம்பிலையில் டின் இறைச்சியும் வெங்காயமும் வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி மடித்து, பொட்டலம் பொட்டலமாகக் குழியில் அடுக்க வேண்டும். அன்றைக்குக் கட்டுவதற்கு நார் போதவில்லை. மனாசே பழைய மோட்டாரிலிருந்து உருவிய செப்புக் கம்பியால் கட்டினான். ஒவ்வொரு கட்டின் நுனியையும் பன்றி வால் மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருட்டி விட்டான். மத்தியானம் ஒரே வளாகத்திலிருந்த சொந்தக்காரர்களின் நாலு வீட்டுக்கும் பொட்டலம் போயிற்று.

திங்கட்கிழமை எலிக்குரல் டீச்சரின் பலகையில் ஒரு பொட்டலம் உட்கார்ந்திருந்தது.

"நேத்து மிஞ்சினதை எட்டுப் பேருக்குப் பங்கு போடறது எப்படி?" என்று எலிக்குரல் தொடங்கியது. மனாசே கேட்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது செப்புக் கம்பியை. நுனியில் இரண்டரைச் சுற்று.

அந்தக் கட்டை உலகத்தில் கட்டுகிறவன் ஒருவன்தான். அந்தப் பொட்டலம் போன வீடுகள் நாலு. ஒன்று அவன் வீடு. ஒன்று அத்தை வீடு. அத்தைக்குப் போனில் பேசி முடித்தால் அணைக்கவே தெரியாது. இன்னொன்றில் கண் தெரியாத தாத்தாவும் அவருடைய நாயும். மிச்சமிருந்தது பெரியப்பா வீடு. பெரியப்பா மகள் லூசியானே, துறைமுகத்து மீன் கூடத்தில் எடை போடுகிறவள். நீல ரப்பர் கையுறைக்காரி.

பெரியப்பா மகள் என்றால் அக்கா. எங்கள் ஊரில் இதில் பாதி அக்கா, முக்கால் அக்கா என்று பின்னமெல்லாம் கிடையாது, முழு அக்காதான். அக்கா இருக்கும் அறையில் தம்பி கால் நீட்டி உட்கார மாட்டான். அவள் காதில் விழும்படி கல்யாணப் பேச்சோ கொச்சைப் பேச்சோ பேச மாட்டான். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு திரையைப் பார்க்கக்கூட மாட்டார்கள். ஊர் வம்பெல்லாம் செய்திருக்கும் மனாசே இந்த ஒரு கோட்டை மட்டும் ஒருநாளும் தாண்டியதில்லை.

இப்போது தாண்டியதோடு நில்லாமல், அந்தப் பக்கம் போய் ஒண்ணரைப் பன்றிக்குட்டியும் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அறுநூறு சாட்சிகளோடு.

எழுதியதையெல்லாம் அழித்தான். கணக்கையே மூடினான். போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். பிறகு நண்பன் தோமாசியைத் தேடி ஓடினான். தோமாசி படகுத் துறையில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் கயிற்றைப் போட்டுவிட்டுப் படுத்துப் புரண்டு சிரித்தான்.

"சிரிக்காதடா. என் வாழ்க்கையே போச்சு."

"மச்சான், வீடியோவுல வெறும் கைதானேடா தெரிஞ்சுது? கை எப்படிடா அக்காவாகும்?"

"கையும் அக்காதான்டா."

"கையுறை?"

மனாசே கொஞ்சம் யோசித்தான். "கையுறையும்தான்."

"சரி விடு, அவங்களுக்குப் பன்றி யாருன்னு தெரியாதில்ல? நீ பாட்டுக்குப் பார்த்துக்கிட்டே இரு. வர்ற வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளி பரீட்சைடா. இன்னும் வகுத்தலே வரலையே உனக்கு."

"அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

தோமாசி சிரிப்பதை நிறுத்தினான். போட்ட கயிற்றை எடுத்து மறுபடி திரிக்கத் தொடங்கினான்.

அன்றைக்கு மாலை மனாசே பாறைக்கு அந்தப் பக்கம் முங்கி இரண்டு சிங்கி இறால் பிடித்தான். பெரியதை லூசியானே வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தான். தம்பி பிழை செய்தால் அக்காவுக்குச் சாப்பாட்டில்தான் சரிக்கட்ட வேண்டும். மறுநாள் ஒரு குலை இளநீர். அதற்கு மறுநாள் முதுகொடியத் தோண்டிய வள்ளிக்கிழங்கு. பழைய வீடியோ ஒன்றில், எதிலோ சாய்த்து வைத்திருந்த போன் பாதியில் கவிழ்ந்து கூரை தெரிந்தது அவனுக்கு நினைவு வந்தது. உடைந்த மோட்டாரின் அலுமினிய மூடியை அறுத்து ராவி, போன் உட்காருகிற மாதிரி ஒரு தாங்கி செய்தான். அதையும் வாசலில் வைத்தான். இந்தத் தடவை ஓடும்போது அத்தை வைசிமா பிடித்துக்கொண்டாள்.

அத்தை வந்தால் அப்பாவே எழுந்து நிற்பார். மனாசே அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"என்னடா திடீர்னு அக்கா மேல இவ்வளவு பாசம்? போன வாரம் வரைக்கும் அவ வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தியா?"

"அக்கா பாவம், அத்தை. யார்கூடவும் சேராம இருக்காங்க. காலேஜ்ல படிச்சுட்டு மீன் எடை போடறாங்க. ஏன் திரும்பி வந்தாங்க? யாரும் சொல்லவே இல்ல."

அத்தை தேங்காய் துருவுவதை விடாமலே சொன்னாள். லூசியானே வாத்தியார் படிப்புக்குத் தலைநகரம் போனாள். காகிதத்தில் எல்லாவற்றிலும் முதல். பழகுவதற்காக ஒரு வகுப்பில் நிறுத்தினார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நாற்பது நிமிஷம். அவள் வாயிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை. கையில் இருந்த சாக்பீஸ் மட்டும் பலகையில் புள்ளி மேல் புள்ளி வைத்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை வாசலோடு திரும்பிப் படுக்கைப் பாயைச் சுருட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டாள்.

"முப்பத்தெட்டே பேரு," என்றாள் அத்தை. "பூச்சாண்டியா அவங்க? மூக்கு ஒழுகற பிள்ளைங்க. வந்து ஒரு வருஷம் யார்கிட்டயும் பேசல. மீனுக்கு எடை சொல்றதோட சரி. இப்பத்தான் ஏதோ தனியாச் சிரிக்கிறா. கதவைச் சாத்திக்கிட்டு ஏதோ வெட்டறா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்ல அத்தைங்கறா. அதுவும் ரெண்டு மூணு நாளாக் கொஞ்சம் வாடித்தான் கிடக்கு முகம்."

மனாசே எழுந்து போகும்போது காலில் மண்ணைத் தட்டிக்கொள்ள மறந்துபோனான்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் எலிக்குரல் டீச்சர் வீடியோ போட்டாள். மனாசே பார்க்கவில்லை. தோமாசி பார்த்துச் சொன்னான்: போன் ஆடாமல் நிற்கிறதாம். வீடியோ முடியும்போது தினமும் "பன்றியாரைக் காணோமே" என்கிறாளாம். வகுத்தல் கேள்வியைக் கேட்டவர் வரட்டும், வந்ததும் சொல்கிறேன் என்கிறாளாம். பிள்ளைகள் கீழே அழுகிற பொம்மை போடுகிறார்களாம்.

மனாசே புத்தகத்தை வைத்துத் தானே முட்டிப் பார்த்தான். பின்னத்தால் வகுக்கும்போது பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு என்று போட்டிருந்தது. ஏன் என்று போடவில்லை. ஏன் என்று தெரியாமல் ஒரு ஸ்குரூவைக்கூட அவன் திருப்பினதில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, தோமாசி மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"போட்டுட்டாங்கடா! பன்றியாருக்குன்னு பேர் போட்டே போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சிருக்கணும்னு சொல்றாங்க. மச்சான், அவங்களுக்கு எப்படிடா வெள்ளிக்கிழமை தெரியும்?"

"வாரா வாரம் வருதே, தெரியாதா? நான் பார்க்க மாட்டேன். நீ பார்த்து எனக்குச் சொல்லு."

ஊரில் இணையம் நன்றாக இழுக்கும் ஒரே இடம் மீன் கூடத்துப் பின்சுவர். இருவரும் அங்கே போய் நின்றார்கள். தோமாசி போனைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான்.

"மூணு தேங்காய் இருக்கு. உடைக்கறாங்க. தண்ணி கொட்டுது. கொஞ்சம் குடிக்கறாங்க. இல்ல, குடிக்கல."

"கணக்கு எங்கடா?"

"கணக்கா? அது... தேங்காய் நல்ல முத்தல்."

மனாசே வானத்தைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். பிறகு தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். அக்காவோடு பேசக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, கேட்கக் கூடாது என்றும் சொன்னதில்லை. பார்த்தால்தானே குற்றம். போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். கைகளை முன்னால் கட்டித் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டான்.

"சத்தமா வை. முதல்லேர்ந்து போடு."

எலிக்குரல் அவன் முதுகுக்குப் பின்னால் பேசியது.

"பன்றியாரே, ஆறை ரெண்டால வகுன்னா என்ன அர்த்தம்? ஆறுக்குள்ள எத்தனை ரெண்டு இருக்குன்னு கேக்கறோம். மூணு. சரிதானே? அப்போ மூணை அரையால வகுன்னா? மூணு தேங்காய்க்குள்ள எத்தனை மூடி இருக்குன்னு கேக்கறோம். இந்தா, உடைக்கிறேன். ஒண்ணு, ரெண்டு. மூணு, நாலு. அஞ்சு, ஆறு. தேங்காய் பெருகிடுச்சா? இல்ல. எண்ணற துண்டுதான் சின்னதாச்சு. துண்டு சின்னதானா எண்ணிக்கை பெருசாகும். எனக்கும் பைத்தியம் இல்ல, புத்தகத்துக்கும் இல்ல. புரியலைன்னா திரும்பப் போட்டுக் கேளுங்க. நான் திட்டமாட்டேன்."

"திரும்பப் போடு," என்றான் மனாசே.

பதினாலு தடவை போட்டார்கள். வெயில் சாய்ந்து தோமாசியின் கை மரத்துப்போனது. மீன் கூடத்து ஜன்னல் திறந்திருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பரீட்சையில் கடைசிக் கணக்கு இது: பன்னிரண்டு லிட்டர் ஆயிலை முக்கால் லிட்டர் குவளையால் ஊற்றினால் எத்தனை தடவை ஊற்ற வேண்டும்? மனாசே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மனசுக்குள் தேங்காய் உடைத்தான். பன்னிரண்டைக் கால் காலாக உடைத்தால் நாற்பத்தெட்டு. முக்கால் என்றால் மூன்று கால். நாற்பத்தெட்டை மும்மூன்றாக அள்ளினான். பதினாறு தடவை. எழுதிவிட்டுச் சத்தமாகச் சிரித்தான். காவலுக்கு நின்ற தலைமை இன்ஜினியர் பக்கத்தில் வந்து தாளைப் பார்த்துவிட்டு, தொப்பையைத் தடவியபடி திரும்பிப் போனார்.

சனிக்கிழமை டிக்கெட் ஜன்னலில் தாள் ஒட்டினார்கள். இருபதுக்குப் பதினாறு. எடுத்த இரண்டு பேரில் மனாசே இரண்டாவது. திங்கட்கிழமை காலை கப்பலில் இருக்க வேண்டும்.

தோமாசி கத்திய கத்தலில் துறைமுகத்து நாய்களெல்லாம் எழுந்து நின்றன. அம்மா அழுதாள். அப்பா தாளை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: "அப்பாடா, ஆடுங்க பிழைச்சுது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் புகை போய்விட்டது என்றார். அடுப்பு இன்னும் மூட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கோயிலில். குன்றின் மேலிருக்கும் கோயிலில் இணையம் மீன் கூடத்தைவிட நன்றாக இழுக்கும் என்பதை மனாசே அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான். எங்கள் ஊர் வழக்கப்படி இடுப்பில் மரியாதைப் பாய் சுற்றி, தலைக்கு எண்ணெய் வைத்து, கடைசி பெஞ்சில் மரியாதையாக உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை போய்விட்டால் எப்போது வருவானோ. நன்றி சொல்லாமல் கப்பலேறுவது சரியில்லை. பன்றியாகச் சொல்ல முடியாது. தம்பியாகவும் சொல்ல முடியாது. பாட்டுப் புத்தகத்தை விரித்து அதன் மடிப்பில் போனை வைத்தான். 'மூப்பர் ஏசாயா, ஹாபாய் தீவு, வயது அறுபத்து மூன்று' என்று புதுக் கணக்குத் திறந்து எழுதினான்:

"அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு. நான் ஒரு முதியவன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று பிரசங்கம் செய்து வந்தேன். இனி பாதிப் பிரசங்கம்தான் செய்வேன். என் பேரன் ஒரு மக்கு. உங்கள் ஒரு நிமிஷங்களைச் சேர்த்துச் சேர்த்து, ஒரு பரீட்சையில் இருபதுக்கு இருபது வாங்கிவிட்டான். அவனை யாரும் இதுவரை திட்டாமல் சொல்லிக்கொடுத்ததில்லை. நீங்கள் முகத்தைக் காட்டாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் வராத பேச்சு இன்று முப்பதாயிரம் பிள்ளைகள் முன்னால் வருகிறது. உங்கள் வீட்டுத் தம்பிமார் இதைத் தெரிந்துகொண்டால் உங்களை நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள். இப்படிக்கு, ஒரு முதியவன்."

இரண்டு தடவை படித்துப் பார்த்தான். கிழவன் மாதிரியே இருந்தது. அனுப்பிவிட்டு, எல்லாரும் எழுந்தபோது எழுந்து, வாயை மட்டும் அசைத்துப் பாடினான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. பெண்கள் பக்கத்தில் லூசியானே அத்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் போன் இருந்தது. மனாசே இந்தப் பக்கம் வேலியோரம் நின்று, யாரும் பார்க்காதபோது போனைத் திறந்தான். எலிக்குரல் டீச்சர் பதில் எழுதியிருந்தாள்.

"மூப்பர் ஐயா, மாலோ, மெத்த நன்றி. உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், அப்புறம் ரொம்ப நேரம் சிரித்தேன். நான் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் நின்ற கதை எங்கள் அத்தைக்கு மட்டும்தான் தெரியும். அது ஹாபாய்க்கு எந்தப் படகில் வந்தது? காலை பத்து மணிக்கு, ஆராதனை நடக்கும்போது, போன் தட்டுகிற மூப்பரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த நேரத்தில் நான் பாடகர் குழுவில், உங்களுக்கு நேர் எதிரே நின்று பாடிக்கொண்டிருந்தேன். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தீர்கள். பன்றியார் வாயை மூடிய அன்றைக்கே என் வாசலில் இறால் வந்து உட்கார்ந்ததையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். கணக்கு எனக்குக் கொஞ்சம் வரும். பேரன் வாங்கியது பதினாறு. மிச்சம் நாலுக்கு நாளை காலை கப்பல் புறப்படுவதற்குள் வீடியோ வரும். அவன் பார்க்க வேண்டாம். மீன் கூடத்துக்குப் பின்னால் நின்ற மாதிரி, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டால் போதும்."